திரிகையில் இரண்டு கை

மலையடிவாரத்து மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. குருவிடம் கேள்வி கேட்க வருகிறவர் திரிகைக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்க வேண்டும். எதிரே குருவும் பிடிப்பார். இருவருமாகச் சுற்ற, குரு மற்றொரு கையால் நடுக்குழியில் கேழ்வரகைப் போடுவார். கேட்டவருக்குப் பதிலும் கிடைக்கும், மடத்துக்கு மாவும் கிடைக்கும். சும்மா உட்கார்ந்து பிரம்மத்தைப் பேசுகிற வேலையெல்லாம் அங்கே நடக்காது.

குருவின் பெயர் பொன்னரசி. வைத்தியம் தெரிந்தவர். சீடர் தாண்டவர் அவரைவிட வயதில் மூத்தவர், குடும்பஸ்தர், வாய் ஓயாதவர்.

அன்று காலை தாண்டவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

"என்ன தாண்டவரே, நாக்கு சுளுக்கிக்கிச்சா?"

"வெக்கமா இருக்குங்க அம்மா."

"வைத்தியக்காரிகிட்ட என்ன வெக்கம்? சொல்லுங்க."

"எம் பொண்டாட்டி நாச்சா என்னை விட்டுட்டு நாளைக்கு அவ அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். துணியை மூட்டை கட்டிட்டா. அவ இல்லாம என்னால இருக்க முடியாதுங்க."

"அடிச்சீங்களா?"

"ஐயோ, இல்லவே இல்லீங்க! அவமேல உசுரையே வெச்சிருக்கேன்." தாண்டவர் குரலைத் தாழ்த்தினார். "போன வருசத்துல இருந்து, அவகிட்டப் போறதுக்கு முன்னாடி ரெண்டு இழுப்பு கஞ்சா இழுக்கறேன். மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. என் கூச்சம் போச்சு, அவளும் சிரிச்சா. இப்ப ரெண்டு இழுப்பு பத்தறதில்ல. ஆனா சுகம்னா அப்படியொரு சுகம்! தொட்ட இடமெல்லாம் பூக்குது. நேரம் நீண்டுக்கிட்டே போகுது. இவ்வளவு சுகத்தை விட்டுட்டு எவளாச்சும் போவாளா?"

"அவளுக்கும் சுகமா?"

"எனக்கே இவ்வளவுன்னா அவளுக்கு இருக்காதா?"

"கேட்டீங்களா?"

"இதையெல்லாம் எதுக்குங்க கேக்கணும்? எனக்குத் தெரியாதா?"

குரு கைப்பிடியை விட்டார்.

"போய் இழுத்துட்டு வாங்க."

தாண்டவரால் தன் காதை நம்ப முடியவில்லை. "மடத்துலயா?"

"வேலிக்கு அந்தப் பக்கம். வழக்கமா எவ்வளவோ, அவ்வளவு."

இப்படி ஒரு உத்தரவு எந்தச் சீடனுக்கும் கிடைத்ததில்லை. தாண்டவர் துள்ளிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கண் இரண்டும் சிவந்திருந்தன, முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

குரு எதிரே உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தார். ஒரு பிடி தானியம் போட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துங்க. எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க."

தாண்டவர் சுற்றினார்.

"கல்லு பாடுதுங்க அம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "மாவு வாசனை ஆளைத் தூக்குது. மலை மலையாக் கொட்டுது" என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "பாரமே தெரியல. நீங்களும் நானும் ஒரே கையா ஆயிட்டோம். நான் பொறந்ததுல இருந்து இப்படி அரைச்சதில்லைங்க!"

வெயில் முற்றத்தின் பாதியைத் தாண்டியது. அவர் நிறுத்தவில்லை.

"போதும், கண்ணைத் திறங்க."

குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. தாண்டவர் கண்ணைத் திறந்தார். எதிரே யாரும் இல்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் குரு நொச்சி இலையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்.

தாண்டவர் குனிந்து பார்த்தார். திரிகைக்கு அடியில் விரித்திருந்த துணியில் ஒரே ஒரு பிடி மாவு இருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் கல்லுப்பொடி படிந்திருந்தது. பக்கத்தில் முறத்திலிருந்த கேழ்வரகு அப்படியே கிடந்தது. குழியில் தானியம் இல்லாமல் இவ்வளவு நேரமும் கல்லும் கல்லும் தேய்ந்திருக்கின்றன. அதனால்தான் பாரம் தெரியவில்லை என்று அவருக்கு மெல்லத்தான் புரிந்தது. சிரிப்பு போய்விட்டது. நெஞ்சுக்குள் பயம் புகுந்தது.

எதிர்ப்பக்கத்துக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அம்மா, நீங்க எப்பக் கையை எடுத்தீங்க?"

குரு இலையைத் திருப்பிப் போட்டார்.

"மூட்டை இன்னும் வீட்டுலதானே இருக்கு? இதே கேள்வியைப் போய் நாச்சாகிட்டக் கேளுங்க. தெளிஞ்சதுக்கப்புறம் போங்க. அவ சொல்ற பதில் உங்க காதுல விழணும்."