வெள்ளித் தட்டில் மண்

"என் மதலேனை வித்துட்டேன், பாவா."

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பக்கீர் நிமிரவில்லை. ஊரே பாவா என்று மதிக்கும் அவர் சவரியப்பனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் கேள்வியோடு வந்து நிற்பது சவரியப்பன்தான். கோட்டையில் எழுத்தர். படித்தவர்களுக்கு என்றைக்குச் சந்தேகம் தீர்ந்திருக்கிறது?

"செத்துப்போன பெண்சாதியை யார் வாங்கினா?"

"புது தேசத்துக்காரங்கதான். சண்டையில்ல, சாவில்ல. அங்கே ஒரு தீவு வாங்கினாங்க, இங்கே ஒரு துறைமுகம். இப்ப நம்ம ஊர். நம்ம ராஜா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்."

"வித்தது அவர். நீங்க என்ன பண்ணீங்க அண்ணே?"

"ஊர் கைமாறினதுக்கு அடையாளமா ஒரு பிடி மண் தரணுமாம். என்னைக் கொண்டுவரச் சொன்னாங்க. கோட்டை முழுக்கக் கல்லும் சிப்பியும். அதையா கொடுக்கிறது, ஊருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மதலேன் கல்லறையில நான் வளர்த்த செம்பருத்தி இருக்கு. அதுக்கடியில நல்ல கறுப்பு மண். அள்ளி வெள்ளித் தட்டில வச்சேன். புத்தி கெட்டவன்."



"வாங்கின துரை என்ன பண்ணார்?"

"ஒரு விரலால தொட்டார். கையைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் மண்ணைப் படியில கொட்டிட்டுத் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

"மண்ணு?"

சவரியப்பன் வேட்டி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார்.

"மகன் கப்பல் ஏறியாச்சு, பாவா. எங்க தெருவே ஏறியாச்சு. பழைய ராஜாவோட போறவங்களுக்கு இன்னைக்குச் சாயங்காலம்தான் கெடு. மூணாவது வெடிக்குக் கப்பல் கிளம்பிடும். நான் இதை எடுத்துக்கிட்டுப் போயிடறேன். வித்த இடத்துல எனக்கு யார் இருக்கா?"

பக்கீர் நூலைப் பல்லால் கடித்தார்.

"வித்த மண்ணை எடுத்துக்கிட்டுப் போனா திருட்டுல்ல, அண்ணே? எடுத்த இடத்துலயே போட்டுடுங்க. போட்டுட்டு, விக்காத மண்ணாப் பார்த்து ஒரு பிடி அள்ளிக்கிட்டுக் கப்பல் ஏறுங்க."

சவரியப்பன் போனபோது கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆளும் இல்லை. வழியில் பார்த்த வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. இவ்வளவு தனியாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை.

முடிச்சிலிருந்த மண்ணைக் குழியில் கொட்டித் தடவிவிட்டார்.

பிறகு விற்காத மண்ணைத் தேடினார்.

கப்பலில் முதல் வெடி போட்டார்கள். செம்பருத்தியின் இந்தப் பக்கம் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். கீழே போட்டார். அந்தப் பக்கம் அள்ளினார். அதையும் போட்டார்.

இரண்டாவது வெடி கேட்டது. மகன் கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று தெரியும். அழுகை வந்தது, அழுதார்.

மூன்றாவது வெடி போட்டபோது சவரியப்பன் தோட்டத்துக் கிணற்றடியில் செம்பருத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.