வானத்துப் பந்தும் அஞ்சலாட்சியின் படகும்

மேலிருந்து விழுந்த ஒரு பொருளுக்கு மூன்று நாடுகள் சொந்தம் கொண்டாடின. அது உடைத்துப்போட்ட பொருளுக்குப் பதில் சொல்லத்தான் யாரும் இல்லை. வழக்கு இவ்வளவுதான். தீர்ப்புதான் சிக்கல்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வெள்ளாங்குடா என்றொரு மீனவர் கிராமம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே அஞ்சலாட்சிக்கு ஒரு ஃபைபர் படகு இருந்தது. கணவர் இறந்த பிறகு அவளுடைய தம்பிகள் இருவரும் அதைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். அவள் மீன் விற்றாள். ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தவலை அளவுள்ள கரிந்த உலோகப் பந்து ஒன்று வானத்திலிருந்து வந்து, மணலில் நின்ற அந்தப் படகின் மேல் விழுந்தது. படகு நடுவில் பிளந்தது. ஆளுக்குச் சேதமில்லை என்று செய்தித்தாள்கள் நிம்மதியாக எழுதின.

அதிகாரிகள் வந்து சோதித்தார்கள். செயலிழந்த செயற்கைக்கோள் ஒன்றின் எரிபொருள் தொட்டி, நச்சு எதுவும் மிச்சமில்லை என்றார்கள். எடுத்துப்போக வண்டியைக் கொண்டுவந்தபோது ஊர் மறித்தது. வெளியூர்ப் படகு வந்து வலையை அறுத்தால், அந்தப் படகைப் பிடித்துக் கரையில் கட்டிவைப்பதும், ஈடு கிடைத்த பிறகே அவிழ்ப்பதும் அங்கே வழக்கம். அந்த முறைப்படியே பந்தையும் பழைய வலையில் சுற்றி, உடைந்த படகோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

பிறகு, மூன்று நாடுகளின் சார்பில் சென்னையிலிருந்து மூன்று வழக்கறிஞர்கள் வந்தார்கள். கூடவே தாசில்தாரும் வந்தார்.

“மூணு பேரும் ஒரே வேன்ல எறங்குறாங்க. பாத்தா சம்பந்தம் பேச வந்தாப்ல இருக்கு,” என்றான் அஞ்சலாட்சியின் மூத்த தம்பி வேம்பையன்.

பனிநாட்டின் வழக்கறிஞர் முதலில் பேசினார். செயற்கைக்கோளைச் செய்தது பனிநாட்டு நிறுவனம். அதை ஏவ ஏற்பாடு செய்ததும் அவர்களே. அடுத்தவர் மலைநாட்டுக்காக வந்தவர். ராக்கெட் கிளம்பியது மலைநாட்டு மண்ணிலிருந்து. ஆகவே விழுந்ததை ஆராய அவர்களுக்கு உரிமை உண்டு. மூன்றாமவர் தீவுநாட்டின் ஆள். செயற்கைக்கோள் வானில் சுற்றிக்கொண்டிருந்தபோதே பனிநாட்டார் அதைத் தீவுநாட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். விழுந்த அன்று அது தீவுநாட்டாரின் சொத்து.

நாட்டாண்மை காத்தையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். “சரிங்க. பந்த எடுத்துட்டுப் போங்க. படக யாரு குடுக்குறீங்க?”

மூவரும் ஒரே நேரத்தில் அடுத்தவரைக் கை காட்டினார்கள்.

“வித்த மாடு முட்டினா வித்தவன் என்ன செய்வான்?” என்றார் பனிநாட்டுக்காரர்.

“நாங்க எடம் குடுத்ததோட சரி. ராக்கெட் கிளம்பினதும் எங்க வேல முடிஞ்சுது,” என்றார் மலைநாட்டுக்காரர்.

“நாங்க ஏவவே இல்லையே,” என்றார் தீவுநாட்டுக்காரர். “வாங்கும்போதே அது பாதி செத்துதான் கெடந்துது.”

அஞ்சலாட்சி எழுந்தாள். “ஏன் சார், இப்பத்தான் மூணு பேரும் எம்புள்ள, எம்புள்ளன்னீங்க. அடுத்த வூட்டுல போயி எதையோ ஒடச்சிட்டுதுன்னதும் யாரோ பெத்த புள்ளயாயிருச்சா?”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. படகு இல்லாவிட்டால் தம்பிகள் இருவரும் கூலிக்கு மீன்பிடிக்கக் கேரளாவுக்குப் போய்விடுவார்கள். துணிமணி கட்டியாகிவிட்டது.

“ஈடு வராம பந்து நகராது,” என்றார் காத்தையன்.

தாசில்தார் அவரைத் தனியே அழைத்தார். “நாட்டாண்மை, நாடுங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. விழுந்த பொருளக் கேட்டா திருப்பிக் குடுத்துடணும். புடிச்சு வச்சா கெட்ட பேரு நமக்குத்தான்.”

வாசகர்களே, ஏவ ஏற்பாடு செய்து பின்னர் விற்றவர், இடம் கொடுத்தவர், வாங்கியவர் ஆகிய மூவரில் அஞ்சலாட்சியின் படகுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பந்தை விட மறுத்த காத்தையன் செய்தது சரிதானா?

விடை: விண்வெளிச் சட்டம் விற்பனையைப் பார்ப்பதில்லை, ஏவியது யார் என்றே பார்க்கிறது. ஏவ ஏற்பாடு செய்த பனிநாடும் இடம் கொடுத்த மலைநாடும் சேர்ந்தே பொறுப்பு. இருவரில் எவரிடமும் முழு ஈட்டையும் கேட்கலாம். பங்கு பிரிப்பது அவர்கள் பாடு. பந்து தன்னுடையது என்று கடைசிவரை சாதித்த தீவுநாடு தப்பிவிடும். பந்தைப் பிடித்துவைக்க ஊருக்கு உரிமையில்லை. காத்தையனின் கோபம் நியாயம், முடிச்சு தவறான இடத்தில். ஏனென்றால் ஈட்டுக்கென்று இருக்கும் ஒப்பந்தம் வேறு, அதன்படி நேராக ஈடு கேட்க அஞ்சலாட்சியால் முடியாது. அவளுக்காக அவளுடைய அரசுதான் கேட்க வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். ஆகவே காத்தையன் பந்தை அவிழ்த்து விட்டுவிட்டு, தாசில்தாரை விடாமல் பிடித்துக்கொள்வதே சரி.