முப்பத்து மூன்று உடைந்த பாலங்கள்

காட்டாற்றின் இக்கரையில் ஒரு மருத மரம். அதன் கிளைகளில் குட்டிக் குட்டி மூங்கில் பாலங்கள் தொங்கும். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் ஒரு பூ செருகியிருக்கும்.

கட்டியவை குரங்குகள். தலைவர் பெயர் நெடுவால். மரத்தடிக்குப் 'பாலக் கூடம்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

பாலம் எதற்கு? மான்களுக்கு. முன்பு ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. மான்கள் அதன்மேல் நடந்து அக்கரைக்கு மேயப் போகும். போன வருஷ வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தக் கோடையில் காட்டுத்தீ வந்து இக்கரைப் புல்லையும் தின்றுவிட்டது. அக்கரையில் புல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது. போக வழியில்லை. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, கீழே ஆழம், அதில் இழுப்பு வேறு.

மழை வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரை மான்கள் தாங்காது. கொன்றை என்ற மானுக்கு ஒரு குட்டி இருந்தது. அதற்குக் கொடுக்கப் பால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

"கவலைப்படாதே! ஆராய்ச்சி நடக்குது!" என்றார் நெடுவால்.

ஆராய்ச்சி இப்படித்தான் நடக்கும். மலையணில் செவ்வாலன் பல்லால் மூங்கிலில் ஓட்டை போடுவான். குரங்குகள் ஓட்டைக்குள் கொடியை நுழைத்து இறுக்கி முடிச்சுப் போடும். சின்னப் பாலம் ரெடி. அதன்மேல் கூழாங்கல்லை ஒவ்வொன்றாக வைப்பார்கள். நூறு கல் தாங்கினால் பூ செருகி மரத்தில் தொங்கவிடுவார்கள்.

தாங்காவிட்டால்?

"திரும்புங்க!" என்று நெடுவால் கத்துவார். எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ள வேண்டும். உடைந்ததைப் பார்ப்பது கேடு. பார்த்தால் அடுத்ததும் உடையும் என்பது கூடத்து வழக்கம். நெடுவாலும் திரும்பி நின்றபடியே இடது காலால் அதை ஆற்றில் தள்ளிவிடுவார். அதோடு முடிந்தது. அப்படி ஒன்று இருந்ததாகவே யாரும் பேசமாட்டார்கள்.

இதற்குப் பெயர் ஆராய்ச்சியாம்.

ஆற்றில் தள்ளியது எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? கீழே, ஆறு வளைகிற இடத்தில், ஒரு மணல்திட்டு. அங்கே துழாவி என்ற நீர்நாய் குடியிருந்தாள். மிதந்து வந்த பாலங்கள் அவள் வாசலில் ஒதுங்கின. முதலில் ஒன்று. அப்புறம் மூன்று. அப்புறம் தினமும் வர ஆரம்பித்தன.

'நல்லதாப் போச்சு, கூரைக்கு ஆகும்' என்று துழாவி அவற்றை இழுத்து அடுக்கினாள். அடுக்கும்போதுதான் கவனித்தாள். ஒரு மூங்கிலில் ஓட்டைக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளவு. அடுத்ததிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். கொடி அறவில்லை. முடிச்சு அவிழவில்லை. மூங்கில்தான் ஓட்டையிலிருந்து பிளந்திருந்தது.

எண்ணினாள். இருபத்தாறு பாலங்கள். இருபத்தாறும் ஒரே மாதிரி.

வாயில் கவ்வ முடிந்த அளவு கவ்விக்கொண்டு மேலே ஓடினாள்.

வழியில் செவ்வாலன் ஒரு மூங்கிலைப் பல்லால் துளைத்துக்கொண்டிருந்தான். இந்த முறை சின்னது இல்லை. மூங்கில் அவனைவிடப் பருமன்.

கவ்வியிருந்ததைத் துழாவி கீழே போட்டாள். "டேய், என்னடா இது?"

"பெரிய பாலம்க்கா! நாளைக்குத் திறப்பு!" என்றவன் அவள் கீழே போட்டதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டான்.

"திரும்பாதே! இதைப் பாரு. இதுவரைக்கும் எத்தனை உடைஞ்சுது?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா."

"எத்தனைடா?"

அவன் குரல் இறங்கியது. "நாப்பது கட்டினோம். ஏழு நின்னுச்சு."

"அப்போ முப்பத்து மூணு உடைஞ்சுது! என்கிட்ட ஒதுங்கினதே இருபத்தாறு! அந்த ஏழு ஏன் நின்னுச்சு?"

"முத்தின மூங்கில். தற்செயலா மாட்டிச்சு. பெரிய பாலத்துக்கு அறுபது மூங்கில் வேணும். முத்தினதா அறுபதுக்கு எங்கே போறது?"

"உனக்கே தெரிஞ்சிருக்கு!"

"ஓட்டை போடுறவன் நான்க்கா. பல்லுக்குத் தெரியாதா? சிலது துளைக்கும்போதே 'கிர்ர்'னு பிளக்கும். அதைச் சொன்னா கூடத்துல எனக்கு இடம் இருக்காது. வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

துழாவி அதற்கு மேல் நிற்கவில்லை. கீழே போட்டதை மறுபடி கவ்விக்கொண்டாள். மருத மரத்தடிக்குப் போய் உடைந்த பாலங்களை எல்லோர் முன்னாலும் கொட்டினாள்.

ஒரே கூச்சல். குரங்குகள், மான்கள் எல்லாம் படபடவென்று திரும்பி முதுகைக் காட்டின.

"யாரிது? தள்ளிவிட்டதைத் திருப்பிக் கொண்டாந்தது!" என்று நெடுவால் முதுகைக் காட்டிக்கொண்டே கத்தினார்.

"நான்தான், துழாவி! ஓட்டை போட்டா மூங்கில் பிளக்குது! எல்லாம் ஒரே இடத்துல உடைஞ்சிருக்கு. ஒரு தடவை திரும்பிப் பாருங்க!"

"மீன் திங்கிற வாய் மூங்கிலைப் பத்திப் பேசுது!" என்றது ஒரு குரங்கு. எல்லாம் சிரித்தன.

"இங்க பாரும்மா," என்றார் நெடுவால். "உடைஞ்சது ஆராய்ச்சி இல்லை. உடையாததுதான் ஆராய்ச்சி. மேலே பாரு, ஏழு தொங்குது. ஒவ்வொண்ணும் நூறு கல் தாங்கினது. பொய்யா?"

"பொய் இல்லை. பாதிதான் சொல்றீங்க!"

"பாதி போதும்! நல்ல பாதியாச்சே!"

மறுபடியும் சிரிப்பு.

துழாவி கொன்றையிடம் ஓடினாள். "நீயாவது பாரு கொன்றை. ஓட்டை போடாம, நாரால சுத்திக் கட்டினா பிளக்காது. அறுபதையும் மாத்திக் கட்ட நாலு நாள் ஆகும். அவ்வளவுதான். நாலே நாள்."

கொன்றை திரும்பவில்லை. "அக்கா, குட்டி நேத்து முழுக்க எழுந்து நிக்கலை. இன்னைக்குத்தான் நின்னான். நாலு நாள்னு சுலபமாச் சொல்றீங்க."

"ஒரு தடவை பாரு. பார்த்துட்டு நீயே முடிவு பண்ணு."

"பார்த்தா நாளைக்கு உடைஞ்சிரும்னு சொல்றாங்களே. எம் புள்ளை அதுமேல நடக்கணும்க்கா. நான் எப்படிப் பார்ப்பேன்?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். பூ வைத்த ஏழு பாலங்கள் காற்றில் அழகாக ஆடின. அதைத்தான் அவள் பார்த்தாள். கடைசிவரை அதை மட்டும்தான் பார்த்தாள்.

மறுநாள் காலை திறப்பு. பெரிய பாலத்துக்குப் பெரிய மாலை. மான்கள் பத்தொன்பது. வரிசையாக நின்றன. செவ்வாலனை மட்டும் காணோம். மரத்தின் உச்சியில் இலைக்குள் ஒளிந்திருந்தான்.

"நான் முதல்ல போறேன்," என்றாள் கொன்றை. "நின்னுச்சுன்னா குட்டியைக் கூப்பிடுறேன்."

பாலம் லேசாக முனகியது. கொன்றை போய்ச் சேர்ந்தாள். அடுத்து ஒன்று. அடுத்து ஒன்று. ஐந்து மான்கள் அக்கரை ஏறிவிட்டன.

"பார்த்தியா? பார்த்தியா?" நெடுவால் துள்ளினார். "எங்கே அந்த நீர்நாய்? கூப்பிடு அவளை!"

அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள் கீழே தண்ணீரில்தான் காத்திருந்தாள்.

அக்கரைப் புல்லின் வாசம் வந்ததும் மற்ற மான்களுக்குப் பொறுமை போய்விட்டது. கொன்றை குட்டியைக் கூப்பிட்டாள். குட்டி ஓடியது. அதன் பின்னாலேயே ஏழு மான்கள் ஓடின.

நடுவில் போகும்போது 'டப்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஓட்டையிலிருந்து ஒரு மூங்கில் பிளந்தது. அதன் பாரம் பக்கத்து மூங்கிலுக்குப் போனது. அதிலும் ஓட்டை. அதுவும் பிளந்தது. அதற்கடுத்ததும். கொடிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

எட்டும் ஆற்றில் விழுந்தன.

துழாவி முங்கினாள். ஒன்றை முட்டித் தள்ளி மணல்திட்டில் ஏற்றினாள். திரும்ப ஓடி இரண்டாவது. மூன்றாவது. அவள் ஒருத்திதானே! நான்கு மான்களை இழுப்பு கொண்டுபோய்விட்டது. நான்காவதாகக் குட்டியைக் கழுத்தில் கவ்வி இழுத்து வந்தாள். மணலில் கிடத்தி நக்கினாள். வயிற்றை மூக்கால் அமுக்கினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வரவில்லை.

அக்கரைப் பாறைமேல் கொன்றை நின்றாள். முட்டி அளவு புல்லில் நின்றாள். குட்டி கிடப்பது அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. இந்த முறை அவள் திரும்பிக்கொள்ளவில்லை.

"அக்கா! எழுப்புங்கக்கா!" என்று கத்தினாள். "நான் பார்க்கவே இல்லையே! நான் எதையும் பார்க்கலையே! அப்புறம் எப்படி உடைஞ்சுது?"

துழாவிக்குப் பதில் தெரியும். குட்டியை மறுபடி நக்கினாள்.

இக்கரையில் ஆறு மான்கள் புல்லும் இல்லாமல் பாலமும் இல்லாமல் நின்றன. பாலத்தின் மிச்சம் பாறையில் தொங்கிக்கொண்டிருந்தது. நெடுவால் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்.

"திரும்புங்க!" என்று கத்தினார். "எல்லாரும் திரும்புங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். அந்த ஆறு மான்களும் திரும்பின. நெடுவால் இடது காலால் மிச்சத்தை ஆற்றில் தள்ளினார். பாலம் இருந்த இடம் சுத்தமாகிவிட்டது.

"மரத்துல ஏழு தொங்குது," என்றார். "நம்மகிட்ட ஏழு இருக்கு. நாளைக்குப் புதுசா ஆரம்பிப்போம். செவ்வாலா! இறங்கி வா! மூங்கிலை எடு!"

செவ்வாலன் இறங்கி வந்தான். மூங்கிலை எடுத்தான். ஆற்றைப் பார்த்தான், நெடுவாலைப் பார்த்தான். வாயைத் திறந்தான். எல்லோரும் அவன் ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தார்கள். அவன் மூங்கிலில் பல்லை வைத்துத் துளைக்க ஆரம்பித்தான்.

கீழே, மணல்திட்டில், மூங்கில்கள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்கின. துழாவி பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அதே இடம்.

உடைந்ததைப் பார்க்க மறுக்கிறவர்கள் எத்தனை முறை கட்டினாலும் அது அதே இடத்தில்தான் உடையும், ஆனால் விழுந்து சாவது கட்டினவர்கள் இல்லை.