செங்காலன் ஏறிய பெருஞ்சங்கு

ஆனி மாதம் பதினோராம் நாள், வியாழக்கிழமை. விடியற்காலை முதல் ஓயாமல் வீசிய தென்மேற்குக் காற்று நண்பகலில் அடங்கியது; வெயில் சுட்டது. அலைகள் பெரியதொரு வெறுஞ்சங்கை மணலில் ஒதுக்கிவிட்டுச் சென்றன.

அந்தக் கரையில் துறவி நண்டுகள் பல வாழ்ந்தன. பெயரில்தான் துறவு, வீட்டாசையை எந்த நண்டும் துறக்கவில்லை. வெறுஞ்சங்குகளே அவற்றின் வீடுகள். மென்மையான வயிற்றை உள்ளே நுழைத்து, பெரிய கொடுக்கால் வாயிலை அடைத்துக்கொள்ளும். புதுச் சங்கு ஒதுங்கினால், நண்டுகள் உருவ வரிசையில் நிற்பது வழக்கம். மிகப் பெரியது புதுச் சங்கில் புகும். அது விட்ட வீட்டில் அடுத்தது புகும்.

அன்று வரிசையில் முதலில் நின்றது பெருங்கொடுக்கன். அதன் சங்கின் முதுகில் ஓட்டை விழுந்திருந்தது. கடற்காகத்தின் அலகு என்றைக்கு வேண்டுமானாலும் அதன் வழியே நுழையலாம். அடுத்து நின்றது செங்காலன். அதன் வீட்டில் ஒரு குறையும் இல்லை.

“அண்ணா, உங்கள் வீட்டில் நல்ல காற்றோட்டம்! இதை விட்டுப் போவானேன்?” என்றது செங்காலன்.

“கேலி போதும், தம்பி! முறைப்படி இது என் சங்கு.”

“முறையாவது! முந்தியவருக்கே சங்கு!” என்று கூறிச் செங்காலன் சட்டெனப் புதுச் சங்குக்குள் பாய்ந்தது.

பெருங்கொடுக்கன் திகைத்தது. “இது அநியாயம்! நீங்களாவது கேளுங்கள்!” என்று பின்வரிசையிடம் முறையிட்டது.

பின்வரிசைக்கு ஏது நேரம்? செங்காலன் விட்ட வீட்டில், அதற்கு அடுத்து நின்ற புள்ளியன் புகுந்துவிட்டது. புள்ளியன் விட்டதில் மற்றொன்று. கடைசி நண்டு வரை எல்லாவற்றுக்கும் வீடு கிடைத்தது.

“அநியாயந்தான், பெரியவரே! யார் மறுத்தார்கள்? ஆனால், இந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாம், தெரியுமா?” என்றது புள்ளியன். பிறகு பெருஞ்சங்கை நோக்கி, “தலைவர் செங்காலனார் வாழ்க!” என்று முழங்கியது. மற்றவையும் முழங்கின.

தலைவர் நடக்க முயன்றார், சங்கு அசையவில்லை. வாயிலை அடைக்க முயன்றார். கொடுக்கின் இருபுறமும் இடைவெளி. “பெரிய வீட்டுக்குக் கதவு எதற்கு?” என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அப்போது கடற்காகம் ஒன்று வந்திறங்கியது. மற்ற நண்டுகள் வாயிலை அடைத்தன. பெருங்கொடுக்கன் ஓட்டையைக் கீழாக்கி மணலில் புதைந்தது.

“இத்துணைப் பெரிய மாளிகையில் குடியிருப்பவர் யாரோ?” என்று கேட்டது கடற்காகம்.

“நான்தான்! தலைவன்!”

“அப்படியா! வாயிலும் திறந்தே இருக்கிறதே!”

அலகு உள்ளே நுழைந்து ஒரு காலைப் பிடுங்கியது. அதை விழுங்கக் கடற்காகம் தலையை நிமிர்த்தியபோது, செங்காலன் வெளியே குதித்துத் தன் பழைய வீட்டுக்கு ஓடியது.

“புள்ளியா, திற! இது என் வீடு!”

“தலைவரே, தாங்கள் இந்தக் குடிசையில் தங்கலாமா? எங்களுக்கல்லவா இழுக்கு!” என்ற புள்ளியன், வாயிலை இன்னும் இறுக அடைத்துக்கொண்டது.

அதற்குள் பெருங்கொடுக்கன் பெருஞ்சங்கில் புகுந்துவிட்டது. அதன் கொடுக்கு வாயிலுக்கு அளவாகப் பொருந்தியது. செங்காலன் புகுமளவுக்கு எஞ்சியது ஓட்டைச் சங்கு ஒன்றே. அது விழுந்தடித்து அதில் புகுந்து, மணலில் புதைந்து உயிர்பிழைத்தது.

பெருங்கொடுக்கன் அப்பெருஞ்சங்கில் நெடுநாள் வாழ்ந்தது. புள்ளியன் அதற்கும் வாழ்த்து முழங்கியது. செங்காலன் ஓட்டையின்மேல் கடற்பாசியை ஒட்டிக்கொண்டு, “காற்றோட்டத்துக்காக நானே வைத்த சாளரம்” என்று எல்லாரிடமும் சொல்லிவந்தது. பாசியை அலை நாள்தோறும் அடித்துச் சென்றது.

தன் அளவுக்கு மிஞ்சிய இடத்தைப் பறிப்பவன், தனக்கு அளவாய் அமைந்த இடத்தையும் இழப்பான்.