உடும்புக்குக் கொடுத்த கால்

ஒரு காட்டில் கோடைக்குக் கோடை சடுகுடு நடக்கும். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே! நாம் பொங்கலுக்கு ஆடுகிற ஆட்டம் மாதிரி இல்லை அது. தண்ணீருக்காக ஆடுகிற ஆட்டம்.

வெயில் காலத்தில் அந்தக் காட்டில் வற்றாமல் இருப்பது ஒரே ஒரு குட்டைதான். அதற்காகக் கீழ்க்கரை மிருகங்களும் மேல்கரை மிருகங்களும் மோதும். ஜெயித்த கரை விடிந்ததும் முதலில் இறங்கித் தெளிந்த தண்ணீர் குடிக்கும். தோற்ற கரைக்கு மிஞ்சுவது சேறும் சகதியும்தான்.

கீழ்க்கரையில் செவலை என்று ஒரு மான் இருந்தது. பாடிப் போவதில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒருவரைத் தொட்டோமா, திரும்பினோமா என்று இருக்காது. ஆழமாகப் போகும், எதிராளி தலைக்கு மேல் தாவும். கரையெல்லாம் "ஓ!" என்று கத்தினால்தான் அதற்குத் திருப்தி.

போன கோடையில் அப்படித்தான் காட்டுப்பன்றியைத் தாண்டிப் பறந்தது. பறந்த வேகத்தில் பாறைமேல் விழுந்தது. பின்னங்கால் மளுக்கென்று முறிந்தது. ஆட்டமும் போயிற்று. அந்தக் கோடை முழுக்கக் கீழ்க்கரைக் குட்டிகள் சேற்றுத் தண்ணீர் குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. அதைப் பார்க்கப் பார்க்கச் செவலைக்குக் கால் வலியைவிட நெஞ்சுதான் வலித்தது.

எலும்பு கூடியது, கால் நேராகவில்லை. இந்த வருஷப் பயிற்சிக்கு வந்தபோது செவலை நொண்டலை மறைத்து மறைத்து நடந்தது.

"காலில் வலி இருக்கிறதா?" என்று கேட்டது முள்ளம்பன்றி. அதுதான் கீழ்க்கரை அணித் தலைவர்.

"வலியா? எனக்கா? என்ன அண்ணே நீங்கள்!" என்று சொல்லிவிட்டுச் செவலை தாவப் போனது. தாவ முடியவில்லை. நின்ற இடத்திலேயே குப்புற விழுந்தது.

எழுந்து புதருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது. முள்ளம்பன்றி பின்னாலேயே போனது.

"அண்ணே, பொய் சொன்னேன். வலிக்கிறது. அதைவிட, பயமாக இருக்கிறது. தாவப் போனாலே அந்தப் பாறைதான் கண்முன்னால் வருகிறது" என்று செவலை தேம்பியது.

"இதைக் கேட்டபோதே சொல்லித் தொலைத்தால் என்ன? உன்னைக் கடித்தா தின்றுவிடுவோம்? எனக்கும்தான் மேல்கரைப் பன்றியைக் கண்டால் முள்ளெல்லாம் குத்திட்டு நிற்கிறது. வெளியே சொல்கிறேனா?" என்றது முள்ளம்பன்றி.

அழுகையோடு அழுகையாகச் செவலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அது நொண்டலை மறைக்கவில்லை. தாவவும் முயலவில்லை. ஓரமாக உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடிப் பழகியது. மீதி நேரமெல்லாம் மேல்கரைக்காரர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்தது. மற்றவர்கள் ஆடுவதை அது உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் முறை!

பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மேல்கரை உடும்பு எதையாவது கவ்வினால் கண்ணை மூடிக்கொள்ளும். வானமே இடிந்து விழுந்தாலும் விடாது. அதில் அதற்கு அத்தனை கர்வம்.

ஆட்டம் வந்தது. நடுவர் கொக்கு. இரண்டு பக்கமும் சரிசமமாக ஆடி, புள்ளியும் சமமாகி, கடைசிப் பாட்டு கீழ்க்கரைக்கு விழுந்தது.

"நான் போகிறேன் அண்ணே" என்றது செவலை.

"கால்?"

"கால்தான் வேலை செய்யப் போகிறது."

முள்ளம்பன்றி அதன் முகத்தைப் பார்த்தது. "போ" என்று வழிவிட்டது.

"சடுகுடு, சடுகுடு..." என்று பாடிக்கொண்டு, எல்லாரும் பார்க்க நொண்டி நொண்டியே போனது செவலை.

மேல்கரை நரிக்கு வாயெல்லாம் பல். "நொண்டி வருகிறாள் டோய்! அந்தக் காலைப் பிடி!"

செவலை ஆழமாகப் போகவில்லை. நடுக்கோட்டை ஒட்டியே நின்று, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நொண்டிக் காலைப் பின்னால் நீட்டிக்கொடுத்தது. உடும்பு பாய்ந்து கவ்வியது. கண்ணை மூடிக்கொண்டது.

அப்போதுதான் நரிக்கு உறைத்தது. பாடி வந்தவர், பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்தவர் அவுட் அல்லவா? "விடுடா! கோடு பக்கத்தில் இருக்கிறது, விட்டுத் தொலைடா!" என்று அலறியது.

உடும்பா விடும்? இன்னும் இறுக்கியது.

செவலைக்கு உயிர் போகிற வலி. பாறையும் கண்முன்னால் வந்தது. வரட்டும் என்று விட்டது. பாட்டை மட்டும் விடவில்லை. தாவாமல் வயிற்றைத் தரையில் போட்டு, முன்னங்கால்களால் மண்ணைப் பிறாண்டி, உடும்பையும் சேர்த்து இழுத்து, கழுத்தை எட்டியமட்டும் நீட்டியது. மூக்கு நுனி கோட்டைத் தொட்டது!

"உடும்பு அவுட்! கீழ்க்கரை ஜெயித்தது!" என்று கத்தியது கொக்கு.

கீழ்க்கரை ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! "எங்கள் செவலை! எங்கள் செவலை!" என்று முள்ளம்பன்றி ஓடிவந்தது. எல்லாரையும் கட்டிப்பிடிக்கப் பார்த்தது. எல்லாரும் தெறித்து ஓடினார்கள்.

மறுநாள் விடிந்ததும் குட்டிகளை முன்னால் விட்டுச் செவலை குட்டைக்கு நடந்தது. தண்ணீர் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்து கிடந்தது. கரையில் காத்து நின்ற நரி, "என்ன இருந்தாலும் நொண்டி நொண்டிதானே" என்று முணுமுணுத்தது.

செவலை நின்றது. தலையை நிமிர்த்தியது.

"ஆமாம், நொண்டிதான். நாலு காலும் நன்றாக இருந்தபோது தோற்றேன். இந்தக் காலோடு ஜெயித்தேன். குட்டிகள் குடிக்கட்டும், கொஞ்சம் தள்ளி நில்" என்றது.

நரி தள்ளி நின்றது.

நீதி: பட்ட அடியை மறைப்பவர் அதற்குப் பயந்தே ஆடுவார், ஒப்புக்கொண்டு ஆடுபவர் அதையும் தம் பலமாக்கிக்கொள்வார்.