யாரும் வரலை

அமாவாசைக்கு அமாவாசை அஞ்சம்மாள் வருவாள். பையிலிருந்து நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டையை எடுத்துப் பலகையில் வைப்பாள். பலகைக்கு அந்தப் பக்கம் தையல்நாயகி கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான். மண்டை ஓடு, கறுப்புத் துணி, கூரை முட்டப் புகை என்று நினைத்துக்கொண்டு ஆவியோடு பேச வருகிறவர்களுக்கு அந்த வீடு பெரிய ஏமாற்றம்.

"யாரு பேருக்கும்மா?"

"சிங்காரவேலு."

அதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. கொஞ்ச நேரம் கழித்துத் தையல்நாயகி கண்ணைத் திறப்பாள்.

"யாரும் வரலைம்மா."

"சரிங்கம்மா."

அஞ்சம்மாள் சட்டையை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கலியபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கலியபெருமாள் நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். அவர் குரலைக் கேட்டுத்தான் அந்த ஊரே பஸ் ஏறியது. மனைவி இறந்தபோது ஆள் பாதியாகிப் போனார். யாரோ சொல்லி இந்த வீட்டுக்கு வந்தார். மனைவி வந்தாள். தையல்நாயகியின் வாய் வழியாக ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். அது என்ன வார்த்தை என்று பெற்ற மகளிடம்கூட அவர் சொன்னதில்லை. மறுநாள் காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டு, நேராக இங்கே வந்து நின்றார்.

"எனக்கும் இதைக் கத்துக்குடுங்கம்மா."

தையல்நாயகிக்கு அவருடைய மகளைவிட வயது குறைவு. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. ஆனால் வந்த நாளிலிருந்து மூலையில் உட்கார்ந்து செம்பைப் பார்ப்பதைத் தவிர அவள் வேறெதையும் கற்றுக்கொடுக்கவில்லையே என்ற எரிச்சல் மட்டும் உள்ளே இருந்தது.

"என்னை எப்பம்மா வாயைத் திறக்க விடுவீங்க?"

"மூடப் பழகினப்புறம்."

இது ஒரு பதிலா? வாழ்நாளெல்லாம் வாயைத் திறந்து சம்பாதித்த மனுஷனிடம் சொல்கிற பேச்சா?

இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தாள். வருகிறவர்களிடம் பேரைத் தவிர எதுவும் கேட்கக் கூடாது. போனவர் என்ன உறவு, எப்போது போனார், எப்படிப் போனார், எதுவும். கேட்டால் நம் மனசே கதை கட்ட ஆரம்பித்துவிடும் என்பாள். கலியபெருமாள் அந்தக் கட்டளையை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அஞ்சம்மாள் நெற்றியில் பொட்டு இருந்தது. அதனால் போனது அண்ணனோ தம்பியோ பெற்ற பிள்ளையோ என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். அவள் கிளம்பும்போது முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதைப் பார்க்க நெஞ்சில் தெம்பில்லாமல் செம்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன அமாவாசையன்று அவரால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"ஏன் சார்?"

"அந்தப் பொம்பளை வேகாத வெயில்ல வருது. வெறுங்கையோட போவுது. நான் நல்லா இருக்கேன், அழுவாதன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"வந்தா சொல்லப்போறேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னுதான் சொல்றேனே."

"இதச் சொல்ல ஒரு மீடியம் எதுக்கு? வரலை வரலைன்னு சொல்ல என்ன படிப்பு வேண்டியிருக்கு?"

தையல்நாயகி செம்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போய்விட்டாள். கல்நெஞ்சக்காரி என்று கலியபெருமாள் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டார்.

அடுத்த அமாவாசைக்கு முந்தின நாள், தங்கைக்குப் பிரசவ வலி என்று தகவல் வந்து தையல்நாயகி திருத்துறைப்பூண்டிக்குப் போனாள். யாராவது வந்தால் நான் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலையில் அஞ்சம்மாள் வந்தாள். இந்தத் தடவை அவளோடு ஓர் ஆள் வந்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அம்மா இல்லீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் கலியபெருமாள் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் வழக்கம்போலச் சட்டையை எடுத்துவிட்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"உக்காரும்மா. நான் பாக்கறேன்."

பலகைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். ஒன்றுமில்லை. தெருவில் மீன் விற்கிறவளின் குரல் கேட்டது, தன் மூச்சு கேட்டது, வேறு எதுவும் இல்லை. இவளை இன்றைக்கும் வெறுங்கையோடு அனுப்புவதா? என் மனைவி சொன்ன அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் நான் இன்று உயிரோடு இருப்பேனா? அவருக்குத் தையல்நாயகி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணனா, தம்பியா, பிள்ளையா என்று தெரியாததால் உறவு எதையும் சொல்லாமல் ஜாக்கிரதையாகப் பேசினார். குரல் மட்டும் பழைய மைக் குரல், கணீரென்று வந்தது.

"சிங்காரவேலு வந்திருக்கேன். இங்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. நல்லா இருக்கேன். நீ அழுவாத."

சட்டையின் மேல் ஒரு கை வந்து படிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க..." என்றாள் அஞ்சம்மாள்.

கலியபெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஏங்க' என்று அண்ணன் தம்பியை யார் கூப்பிடுவார்கள்? பிள்ளையை யார் கூப்பிடுவார்கள்? அவருடைய மனைவி கடைசி மூச்சு வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

கண்ணைத் திறந்தார். அவள் நெற்றியில் பொட்டு இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. அதை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தாள்.

"ஏங்க, அப்ப நீங்க அங்கதான் இருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் புளுகினேன், என்னைச் செருப்பால் அடி தாயி என்று அந்தக் கணமே காலில் விழுந்திருக்கலாம். ஊரையே நிமிர்ந்து பார்க்க வைத்த அந்தக் குரல் அப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை. வாசலில் நின்றவன் உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ரொம்ப நன்றிங்கய்யா. இது எங்க அண்ணி. அண்ணன் கடலுக்குப் போயி, திரும்பலை. காரியம் பண்ணிடலாம்னு எல்லாரும் தலைப்பாடா அடிச்சுக்கறோம், கேக்க மாட்டேன்னுட்டாங்க. அவரே ஆவியா வந்து சொல்லட்டும், அப்ப தாலியைக் கழட்டறேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. ஒவ்வொரு அமாவாசையும் வரலையாம் வரலையாம்னு சிரிச்ச முகமா வீட்டுக்கு வருவாங்க. இன்னிக்கி என்னதான் சொல்றாங்க பாப்பம்னு நானும் வந்தேன். நல்ல வேளை. சாயங்காலமே காரியத்தை முடிச்சிடறோம்."

அஞ்சம்மாள் அழவில்லை. எழுந்து, வாசல்படியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். சட்டை பலகையிலேயே கிடந்தது.

மத்தியானம் தையல்நாயகி வந்தபோதும் அது அங்கேதான் கிடந்தது. கலியபெருமாள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தம்மா சட்டையை விட்டுட்டுப் போவாதே?"

அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல, எங்கிருந்துதான் வந்ததோ, அவருக்கே கோபம் வந்தது.

"எல்லாம் உங்களாலதாம்மா! அந்தப் பொண்ணு புருஷன் காணாமப் போனவன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படிப் பேசியிருப்பனா?"

"எனக்கே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்."



"தெரியாமயா இத்தனை அமாவாசையும் வரலை வரலைன்னு சொன்னீங்க?"

"வரலை. சொன்னேன்."

"நான் கெட்டது நினைக்கலைம்மா. ஒரு ஆறுதலுக்கு..."

"ஆறுதலா?" தையல்நாயகியின் குரல் உயர்ந்து அவர் கேட்டதே இல்லை. இப்போது கேட்டார். "உங்க வீட்டம்மா உங்களுக்குச் சொன்னாங்களே ஒரு வார்த்தை. அதை நானே கட்டிச் சொல்லியிருந்தா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க சார். ஆறுதலா இருக்கட்டும்னு நானே கட்டிச் சொல்லியிருந்தா?"

"அப்படிச் சொல்லாதீங்கம்மா."

பிறகு தையல்நாயகி கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல எப்பவாவது வராத வண்டியை வந்துடுச்சுன்னு சொல்லியிருக்கீங்களா?"

"ஒரே ஒரு தடவை. வேதாரண்யம் வண்டி. வண்டி வர்றதைப் பாத்துச் சொல்ற ஆள் மாத்திச் சொல்லிட்டான், நானும் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, உடனே மைக்கைப் பிடிச்சேன். அந்த வண்டி இன்னும் வரலை, தப்பாச் சொல்லிட்டேன், மன்னிக்கணும்னு சொன்னேன். ஜனங்க அடிக்காத குறைதான்."

"மறுநாள் சொல்லியிருக்கலாமே?"

"அதெப்படிம்மா? தப்பான வண்டியில ஏறிப் போயிடுவாங்களே."

தையல்நாயகி சட்டையை எடுத்தாள். உதறி, மடித்து, அவர் கையில் வைத்தாள்.

"அப்ப இங்க ஏன் நின்னுக்கிட்டிருக்கீங்க?"