மூன்று அரிசி எடை

“ஒண்ணுகூடச் சாகல டீச்சர். அப்புறம் ஏன் எங்க வலையில மீனே இல்ல?”

ஏகாம்பரம் கேட்டார். வயது ஐம்பத்திரண்டு. ஏரி மீனவர் சங்கத்துக்குத் தலைவர்.

டீச்சர் என்று அவர் அழைத்த சுகந்திக்கு முப்பத்து நான்கு. ஏரியின் சேற்றைப் படிக்க வந்தவர், படிப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை. மதகுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மோட்டார் அறை. அதில் கண்ணாடிக் கிண்ணங்களோடு இருந்தார். எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊருக்கு அவர் டீச்சர்.

“முதல்ல இருந்து சொல்லுங்கண்ணே.”

“போன ஆடியில கெண்டைக் குஞ்சு வாங்கினோம். நேரா ஏரியில விட்டா விரால் தின்னுடும். அதனால மேற்குக் கரையில கழி ஊணி, வலை கட்டி, அதுக்குள்ள வச்சிருந்தோம். ஒரு மாசம். அப்புறம் நானே இறங்கி எண்ணினேன்.”

“எப்படி எண்ணினீங்க?”

“குவளையில மொண்டுதான். என் மச்சான் தனகோட்டி மொண்டு ஊத்தினான். விடும்போது குவளைக்கு இருநூறு. எடுக்கும்போதும் குவளைக்கு இருநூறு. மொத்தம் அப்படியே இருந்துச்சு டீச்சர், ஒண்ணு குறையல! ஊரே கை தட்டிச்சு. எனக்குத் துண்டு போர்த்தினாங்க.”

“அப்புறம்?”

“வலையைப் பிரிச்சு ஏரியில விட்டோம். தையில வலை போட்டா ஒண்ணும் இல்ல.”

டீச்சர் கிண்ணங்களின் பக்கம் திரும்பினார்.

“இந்த வருசமும் மீன் தேறலைன்னா ஏரிக் குத்தகை வெளியூர்க்காரனுக்குப் போயிடும். நாப்பது குடும்பம் டீச்சர். போர்த்தின துண்டை உருவாத குறை.”

டீச்சர் எழுந்து ஒரு தட்டைக் கொண்டுவந்தார். தண்ணீருக்கு அடியில் கறுப்பு நூல் பிரிபிரியாகக் கிடந்தது. உற்றுப் பார்த்தால் நூல் நெளிந்தது. சேற்றுப் புழுக்கள். ஒவ்வொன்றும் விரல் நீளம்.

இன்னொரு கையில் பிளேடு.

ஒரு புழுவை நடுவில் வெட்டினார். அடுத்ததை வெட்டினார்.

“ஐயையோ! என்ன டீச்சர், கொன்னுட்டீங்க!”

“கேள்வி கேட்டீங்களே.”

“நான் மீனைப் பத்திக் கேட்டேன்.”

“உங்க கெண்டை எதைத் தின்னும்?”

ஏகாம்பரம் தட்டைப் பார்த்தார். அருகே குனிந்தார்.

இருபது புழுக்களை வெட்டினார் டீச்சர். தலைப் பக்கத்துத் துண்டுகளைத் தட்டிலேயே விட்டார். வால் பக்கத்துத் துண்டுகள் இருபதையும் தனிக் கிண்ணத்தில் போட்டார்.

“இதுக்கு வாய் எங்க?”

“இல்ல.”

“தலை?”

“இல்ல.”

“அப்ப எப்படித் தின்னும்?”

“தின்னாது.”

“தின்னாம எப்படி டீச்சர்…”

“பத்து நாள் கழிச்சு வாங்கண்ணே.”

அவர் மறுநாள் காலையிலேயே வந்தார். அதற்கு மறுநாளும்.

பத்தாம் நாள் மோட்டார் அறையிலிருந்து வந்த கூச்சல் ஏரிக்கரை வரை கேட்டது.

“தலை! டீச்சர், தலை வந்திருக்கு! எல்லாத்துக்கும்!”

வந்திருந்தது. கறுத்த உடம்பின் முனையில் வெளிர் நிறத்தில் ஒரு சின்னத் துண்டு. அது கண்ணாடியைத் தடவித் தடவி வழி தேடியது. ஏகாம்பரம் கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

“அப்ப ஒண்ணு ரெண்டாயிடுமா?”

“ஆகும்.”

“நாம வெட்டாமலே?”

“தானாவே அறுத்துக்கும்.”

“அடேங்கப்பா! கல்யாணம் காட்சி ஒண்ணும் வேணாம்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி நின்று சிரித்தார்.

பிறகு ஒரு சின்னப் பித்தளைத் தராசை எடுத்தார். நகைக்கடையில் வைத்திருப்பது போன்றது. பத்துப் புழுக்களைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்து ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில் அரிசி. ஒன்று, இரண்டு, மூன்று. முள் நடுவில் நின்றது. அந்த மூன்று அரிசியையும் காகிதத்தில் மடித்து வைத்தார். மற்ற பத்துக்கும் அப்படியே. அதற்கும் மூன்று.

அது எதற்கு என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் மேற்குக் கரைச் சேறு. சந்தன நிறம், வாடையே இல்லை. இன்னொன்றில் கிழக்குக் கரைச் சேறு. சம்புக்கோரை அழுகிக் கறுத்தது. ஏகாம்பரம் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். கிண்ணத்துக்குப் பத்துப் புழு. மேலே தண்ணீர். மடித்த காகிதம் அந்தந்தக் கிண்ணத்துக்கு அடியில்.

“இருபத்தெட்டு நாள். சேத்தைத் தவிர வேற தீனி கிடையாது. தோண்டிப் பார்க்கக் கூடாது.”

“தோண்டாம எப்படி எண்ணுறது?”

“எண்ணச் சொன்னேனா?”

ஆனால் எண்ண வழி இருந்தது. புழுக்கள் தலையைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு வாலை மட்டும் தண்ணீரில் நீட்டி ஆட்டின. ஏகாம்பரம் வால்களை எண்ணினார். காலையில் ஒருமுறை, வலையை உலர்த்திவிட்டு வந்து ஒருமுறை.

பதினான்காம் நாள் ஓடி வந்தார்.

“மேற்குல பதிமூணு!”

டீச்சர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“பத்து பதிமூணாயிடுச்சு டீச்சர்!”

“ம்.”

பதினேழாம் நாள் பதினாறு. இருபதாம் நாள் பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் ஓட்டம். ஒவ்வொரு முறையும் டீச்சர் “ம்” என்றார்.

கிழக்குக் கிண்ணத்தில் சில நாள் எட்டு வால். சில நாள் ஏழு.

“இந்த நாத்தத்தைக் கொட்டிடவா?”

“வேணாம்.”

“அதுல ஒண்ணும் நடக்கல டீச்சர்.”

டீச்சர் அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

வாசலில் தனகோட்டி வந்து நின்றார். உள்ளே வரமாட்டார், அவருக்கு அந்த வாடை ஆகாது.

“என்ன மாமா, வலை வீசுற கை இப்பப் புழுவுக்குத் தலை எண்ணுதாமே?”

“தலை இல்லடா. வால்.”

“ஓ, வாலா! இத்தனை வயசுல ஒரு சின்னப் பொண்ணுகிட்ட வந்து நல்ல படிப்பு படிக்கிறீங்க. பரீட்சை என்னிக்கு?”

“இருபத்தெட்டாம் நாள். அடுத்த நாள் குஞ்சு வண்டி வருது. எங்க வலை கட்டுறதுன்னு அதுக்குள்ள தெரிஞ்சிடும்.”

“இதுல தெரிய என்ன இருக்கு? மேற்குதான் மாமா. ரோடு இருக்கு, நிழல் இருக்கு. கிழக்குல முள்ளும் கோரையும். படகு வச்சுத்தான் போகணும்.”

“மேற்குதான்டா. பத்தொன்பது ஆயிடுச்சு.”

இருபத்துநான்காம் நாள் சங்கம் கூடி மேற்கு என்று முடிவு செய்தது. சவுக்குக் கழிகள் வந்து இறங்கின.

இருபத்தெட்டாம் நாள் காலை. கரையில் கழி ஊன்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் மேற்குச் சேற்றைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டார். சேறு இறங்கியது. புழுக்கள் தங்கின. ஏகாம்பரம் முள்கரண்டியின் முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினார்.

“இருபது… இருபத்தொண்ணு… இருபத்திரண்டு! டீச்சர், இருபத்திரண்டு! பத்துக்கு இருபத்திரண்டு!”

“கிழக்கு?”

கிழக்குச் சேறு இறங்க நேரமானது. கடைசியில் தங்கியவற்றை எண்ண அவருக்கு அவசியமே இருக்கவில்லை.

“பத்து. அதே பத்து. சோம்பேறிங்க. தின்னுட்டுத் தூங்கியிருக்குதுங்க.”

துண்டைத் தோளில் போட்டார்.

“நான் போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன் டீச்சர். பசங்க காத்திட்டிருப்பாங்க.”

“தராசை எடுங்கண்ணே.”

“எதுக்கு? அதான் எண்ணியாச்சே.”

டீச்சர் கையை நீட்டியபடியே இருந்தார். அவர் தராசை எடுத்துக் கொடுத்தார்.

இருபத்திரண்டு புழுக்களைத் துணியில் ஒற்றி ஒரு தட்டில் வைத்தார் டீச்சர். தட்டு தாழ்ந்தது. மேற்குக் கிண்ணத்துக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

ஏகாம்பரம் பிரித்தார். மூன்று அரிசி. ஒன்று போட்டார். இரண்டு. மூன்று.

முள் நடுவில் நின்றது.

“இன்னும் அரிசி குடுங்க.”

“நின்னுடுச்சேண்ணே.”

“எப்படி நிக்கும்? இருபத்திரண்டு இருக்கே!”

அவரே டப்பாவிலிருந்து நான்காவது அரிசியை எடுத்துப் போட்டார். அரிசித் தட்டு சரேலென்று இறங்கியது. எடுத்தார். முள் நடுவுக்கு வந்தது. மறுபடி போட்டார். மறுபடி இறங்கியது.

டீச்சர் புழுக்களை மாற்றினார். இப்போது கிழக்குப் பத்து.

மூன்று அரிசி. புழுத் தட்டு அசையவில்லை.

நான்கு. ஐந்து.

“டீச்சர்?”

“போடுங்க.”

ஆறு. ஏழு.  ஏகாம்பரத்தின் விரலிலிருந்து ஓர் அரிசி தவறித் தரையில் உருண்டது. அதைத் தேடாமல் இன்னொன்று எடுத்தார். எட்டு.

ஒன்பது.

முள் மெதுவாக நகர்ந்து நடுவில் நின்றது.

 வெளியே கழி ஊன்றும் சத்தம்.

ஏகாம்பரம் மேற்குப் புழுக்களை உள்ளங்கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். ஒவ்வொன்றும் நெல்மணி நீளம். முன்பக்கம் வெளிர், பின்பக்கம் வெளிர், நடுவில் மட்டும் துளிக் கறுப்பு. பிறகு கிழக்குப் புழு ஒன்றைத் தொட்டார். அது அவருடைய சுண்டு விரலைச் சுற்றிக்கொண்டது.

“இதுங்க பெருகல டீச்சர்.”

“ம்.”

“துண்டு துண்டா…”

“ம்.”

“டீச்சர்! குவளை!”

“என்னண்ணே?”

 வாசலில் செருப்பு மட்டும் கிடந்தது. அவர் கரைமேல் ஓடிக்கொண்டிருந்தார்.

டீச்சர் கிழக்குப் புழுக்களைத் தண்ணீரில் விட்டார். அவற்றில் ஒன்று நடுவில் இறுகியது. ஒரு துடிப்பு. இரண்டாகி, இரண்டும் வேறு வேறு திசையில் நீந்தின. அவரும் வாசலுக்கு ஓடினார்.

“அண்ணே! பதினொண்ணு!”

குரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. இருந்தாலும் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார், தனக்கு மட்டும்.

மேற்குக் கரையில் ஏழு கழிகள் ஊன்றியாயிற்று. தனகோட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று எட்டாவதை ஊன்றிக்கொண்டிருந்தார்.

“பிடுங்குடா!”

“என்ன மாமா?”

“எல்லாத்தையும் பிடுங்கு! படகைக் கொண்டு வாங்க! கிழக்குக்குப் போறோம்!”

கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“பரீட்சை முடிஞ்சுதா மாமா? புழு எத்தனை?”

“மேற்குல இருபத்திரண்டு. கிழக்குல பத்து.”

தனகோட்டி கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையும் சிரித்தது.

“வெயில்ல ஓடி வந்ததுல மாமாவுக்குத் தலை சுத்திடுச்சு. யாராவது மோர் குடுங்கப்பா. மாமா, இருபத்திரண்டு பெருசா, பத்து பெருசா?”

ஏகாம்பரம் வேட்டியை மடிக்காமலே தண்ணீரில் இறங்கினார். மூச்சு வாங்கியது. மச்சானின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

“போன வருசம் குவளை பிடிச்சது யாரு?”

“நான்தான்.”

“குஞ்சு வந்த அன்னிக்கு, ஒரு குவளைக்கு எத்தனை?”

“இருநூறு.”

“ஒரு மாசம் தின்னு வளர்ந்த அப்புறம், அதே குவளைக்கு?”

“அப்பவும் இரு…”

தனகோட்டியின் வாய் பாதியில் நின்றது. தன் வலது கையைப் பார்த்தார், குவளை இன்னும் அதில் இருப்பது போல.

“வளரவே இல்லடா, அப்படியே விராலுக்குத்தான் தீனியா விட்டிருக்கோம்.”

கரையில் சிரிப்பு அடங்கியது.

தனகோட்டி எட்டாவது கழியைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏழாவதை நோக்கி நடந்தார்.